கேரவனின் பின்பக்கம் முழுக்க ரப்பர் தொங்க வேண்டுமா?

பாடி கட்டும் பட்டறையில் உங்கள் கேரவன் (படுக்கை, சமையல், கழிப்பறையோடு கூடிய வீட்டு வண்டி) நிற்கிறது. வேலை முடியும் நேரத்தில் மேஸ்திரி கேட்கிறார்: "பின்னாடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே மட்ஃபிளாப்பா போட்டுடலாமா, இல்ல டயருக்குப் பின்னாடி மட்டும் போதுமா?" பார்வைக்கு முழு அகலம்தான் எடுப்பாக இருக்கும். வண்டியின் பெயரையும் அதில் பெரிதாக எழுதிக்கொள்ளலாம். ஆனாலும் நம் சாலைகளில் ஓடும் வண்டிக்கு டயருக்கு ஒட்டிய மட்ஃபிளாப்தான் சரி என்பேன். மேஸ்திரிக்குப் பதில் சொல்லும் முன் காரணத்தைக் கேளுங்கள்.

மட்ஃபிளாப் என்பது டயர் வாரி எறியும் தண்ணீர், சேறு, கல் ஆகியவற்றைத் தடுக்கத் தொங்கவிடும் ரப்பர் தகடு. டயருக்கு ஒன்றாகச் சின்னதாகவும் வரும். பம்பருக்குக் கீழே வண்டியின் மொத்த அகலத்துக்கும் திரைபோலத் தொங்கும்படியும் வரும். நம் கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றியது.

இது கேரளத்தில் இப்போது கேட்க வேண்டிய கேள்வியா? ஆம். 2021-இல் கேரள அரசு 'கேரவன் கேரளா' என்று கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக்கொள்கையே கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்தார்கள். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது. அந்நகரின் கலூர்ப் பகுதி மக்களுக்குத் தேங்கும் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 அக்டோபர் 21 அன்று பெய்த மழையில் கலூர் துணைமின் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்தச் சாலைகளில்தான் கேரவனும் ஓட வேண்டும், அதன் பின்னால் பைக்கில் வருகிறவரும் ஓட்ட வேண்டும்.

தண்ணீர் எப்படித் தெறிக்கிறது? சுழலும் டயர் சாலையிலுள்ள தண்ணீரை அள்ளிப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் வீசுகிறது. டயரை விட்டுக் கிளம்பும்போது அது பெரிய துளிகளாக இருக்கும். அடிச்சட்டத்திலும் குழாய்களிலும் மோதி உடைந்தால் மூடுபனிபோல ஆகிவிடும். அப்புறம் அதை எந்த ரப்பராலும் பிடிக்க முடியாது. வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று அதை மேலே தூக்கிப் பின்னால் வருபவரின் ஹெல்மெட் கண்ணாடியில் பூசிவிடும். ஆகவே தண்ணீர் பெரிய துளியாக இருக்கும்போதே, டயருக்குப் பக்கத்திலேயே அதை மறித்துக் கீழே விழவைக்க வேண்டும்.

வால்பக்கம் தொங்கும் அகல ரப்பரின் குறை இங்கேதான் இருக்கிறது. பின்டயரிலிருந்து அது மிகத் தள்ளித் தொங்குகிறது. அவ்வளவு தூரம் போவதற்குள் தண்ணீர் பாதி பக்கவாட்டில் சிதறியிருக்கும், மீதி பனியாகியிருக்கும். இரு டயர்களுக்கும் நடுவே உள்ள இடத்திலிருந்து வரும் தண்ணீரோ குறைவு. அதை மறைக்கவா அத்தனை ரப்பர்?

ஐரோப்பாவும் இதே வழியில்தான் போனது. கனரக லாரிகளும் டிரெய்லர்களும் கிளப்பும் நீர்த்தெறிப்பைக் குறைக்க 1991-இல் அங்கே ஒரு விதி வந்தது. டயரைச் சுற்றிய மட்கார்டும், அதற்கு ஒட்டிய, துளிகளை உள்வாங்கி வடியவிடும் பரப்புள்ள ஃபிளாப்பும்தான் அதன் அடிப்படை.

அப்படியானால் அமெரிக்க வண்டிகளின் படங்களில் முழு அகல ஃபிளாப் இருக்கிறதே? அங்கே பெரிய மோட்டார்ஹோம்கள் ஒரு சிறு காரைப் பின்னால் கட்டி இழுத்துப் போவது வழக்கம். அந்தக் காரின் முகப்பில் கல் படாமல் காப்பதே அந்த ஃபிளாப்பின் முதல் வேலை. நீங்கள் கார் எதையும் இழுத்துப் போகப் போவதில்லை என்றால் அந்தத் தேவை உங்களுக்கு இல்லை. உங்கள் பின்னால் வருவது பைக்கும் ஆட்டோவும்தான். அவர்களுக்குக் கல்லும் தண்ணீரும் டயரிடமே நின்றுவிடுவதுதான் நல்லது.

"இருந்துவிட்டுப் போகட்டுமே, நஷ்டம் என்ன?" என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு.

கேரவனுக்குப் பின்நீட்டம் (பின்னச்சுக்கும் வாலுக்கும் இடைப்பட்ட நீளம்) அதிகம். இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தில் 60 சதவீதம் வரை அது இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. பின்நீட்டம் 3 மீட்டர், ஃபிளாப்பின் அடிவிளிம்பு தரையிலிருந்து 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவிலேயே அது தரையைத் தொட்டுவிடும். ஃபோர்ட் கொச்சி–வைப்பின் ரோ-ரோ (வண்டிகளை ஏற்றிச் செல்லும்) படகில் ஏறும் சாய்தளம், மூணாறு சாலையில் வண்டியை ஒதுக்கும் மேட்டோரம், தங்குமிடத்தின் வாசல் ஏற்றம் எல்லாமே அதைத் தேய்க்கக்கூடிய இடங்கள். வேகத்தடையின் உயரம் இந்தியத் தரப்படி 10 செ.மீ. ஊருக்குள் அதைவிட உயரமாகக் கட்டியவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முன்னோக்கிப் போகும்போது ரப்பர் வளைந்து கொடுத்துத் தப்பித்துவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் வம்பு. அடிவிளிம்பு தரையில் ஊன்றி, ரப்பர் உள்பக்கம் மடங்கி, போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். 2.4 மீட்டர் நீளம், 40 செ.மீ. உயரம், 8 மி.மீ. தடிமன் உள்ள ரப்பர் கிட்டத்தட்ட 10 கிலோ இருக்கும். அது நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் அறுந்து தொங்கினால் பின்னால் வரும் பைக்காரரின் கதி என்ன ஆகும்?

பின்னால் எஞ்சின் உள்ள வண்டியா? அப்படியானால் முழு அகலம் வேண்டவே வேண்டாம். கொச்சியில் ஓடிய லோஃப்ளோர் வோல்வோ பஸ்களைப் போன்ற அமைப்பில் எஞ்சின் வால்பக்கம் இருக்கும். அதன் சூடு அடிவழியாகவும் வெளியேற வேண்டும். அங்கே திரை கட்டினால் மலையேற்றத்தில் எஞ்சின் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும். முன்னால் எஞ்சின் உள்ள வண்டியிலும் சைலன்சர் குழாயின் வாய் ரப்பரை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரப்பர் கருகும்.

சரி, டயருக்கு ஒட்டிய ஃபிளாப்பை எப்படிப் போடச் சொல்வது?

அகலம் டயரின் அகலத்தை முழுதாக மறைக்க வேண்டும். பின்னால் இரட்டை டயர் என்றால் இரண்டையும் சேர்த்து. அடிவிளிம்பு தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. இருக்கட்டும். இதைக் காலி வண்டியில் அளக்கக் கூடாது. 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் 200 கிலோ கூடுகிறது, பின்பக்கம் இறங்குகிறது. தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, ஆட்களை உட்காரவைத்த பிறகு அளக்கச் சொல்லுங்கள்.

மெல்லிய ரப்பர் வேண்டாம். வேகம் கூடும்போது அது பின்னால் பறந்துகொண்டிருக்கும், தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். தடித்த ரப்பர் போடலாம், அல்லது அடிவிளிம்பில் ஒரு பட்டை வைத்துக் கனம் சேர்க்கலாம். டயரைப் பார்க்கும் பக்கம் வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாகவோ குச்சம்போலவோ இருந்தால் இன்னும் நல்லது. அதில் பட்ட துளி திரும்பத் தெறிக்காமல் வடியும். ரிவர்ஸில் டயருக்குள் சிக்காமல் இருக்கப் பின்பக்கமாக ஒரு சங்கிலியோ கம்பியோ கொடுத்து இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

பலரும் முன்டயரை மறந்துவிடுகிறார்கள். கேரவனின் கழிவுநீர்த் தொட்டி, அதன் வால்வு, குழாய்கள், பேட்டரிப் பெட்டி போன்றவை பெரும்பாலும் வண்டிக்கு அடியில்தான் இருக்கும். முன்டயர் எறியும் கல் நேராக அவற்றில்தான் படும். மலைப்பாதையில் கழிவுநீர் வால்வு உடைந்தால் அந்தப் பயணமே அதோடு முடிந்தது. முழு அகல ஃபிளாப்புக்கு ஒதுக்கிய பணத்தை முன்டயர் ஃபிளாப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

மோட்டார் வாகனத் துறை ஏதாவது சொல்லுமா? ரப்பர் ஃபிளாப் மட்டும் என்றால் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் எதுவும் மாறாது. ஆனால் நம்பர் பிளேட், பிரேக் விளக்கு, பிரதிபலிப்பான் எதுவும் மறையக் கூடாது. ஃபிளாப்பில் கண்ணைக் கூசவைக்கும் விளக்குச் சரம் மாட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2021 ஆகஸ்டில் கண்ணூரில், பயணக் காணொளி எடுப்பவர்கள் கேரவனாக மாற்றிய ஒரு வண்டியை விதிமீறிய மாற்றங்களுக்காகத் துறை பறிமுதல் செய்தது. கேரளம் முழுக்க அது பேச்சாக இருந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களுக்குக் கடிவாளம் போடுகிறது.

ஏற்கெனவே முழு அகல ஃபிளாப் உள்ள வண்டியை வாங்கிவிட்டீர்களா? கழற்றி எறிய வேண்டாம். முதலில் நான்கு டயருக்கும் தனி ஃபிளாப் போடுங்கள். பிறகு வால்பக்க ரப்பரின் அடியைத் தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். எஞ்சின் பின்னால் இருந்தால் நடுப்பகுதியை மொத்தமாக எடுத்துவிடுங்கள். மாட்டியிருக்கும் போல்ட்டுகளுக்குப் பின்னால் நீளமான இரும்புப் பட்டை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் வாஷர் மட்டும் என்றால் ஓட்டை பெரிதாகி ரப்பர் கிழியும். ஜூன் மழைக்கு முன்பு ஒருமுறையும் துலா (ஐப்பசி) மழைக்கு முன்பு ஒருமுறையும் அந்த போல்ட்டுகளைக் கையால் அசைத்துப் பார்த்து முறுக்கிவிடுங்கள்.