வார்டுக்குப் போகும்போது பையில என்ன இருக்கணும்?

போன வாரம் ஒரு மெசேஜ்: "அண்ணா, ஃபார்ம்.டி அஞ்சாம் வருஷம் படிக்கிறேன், வார்டு போஸ்டிங் ஆரம்பிக்குது, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" நான் சாஃப்ட்வேர் ஆள், எனக்கு மருந்து தெரியாது. என் சித்தி பொண்ணு இந்தப் படிப்பை முடிச்சவ. கொடைக்கானல்ல அவளை உக்கார வச்சுக் கேட்டதுதான் இந்த எபிசோட்.

இது 2008-ல் இந்திய ஃபார்மசி கவுன்சில் விதிகளோட வந்த ஆறு வருஷப் படிப்பு. கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிதான். ஆறு மாசம் பொது மருத்துவம், அப்புறம் மூணு துறைல ரெண்டு ரெண்டு மாசம். ஆஸ்பத்திரில குறைஞ்சது 300 படுக்கை இருக்கணும்னு விதி. அதனால எங்க ஊர்ப் பிள்ளைங்க மலை இறங்கணும், இல்லேன்னா ஊட்டி ஜே.எஸ்.எஸ். மாதிரி இன்னொரு மலை ஏறணும்.

வெள்ளை கோட், ரெண்டு பேனா (ஒண்ணை யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்க), பாக்கெட் நோட்டு. இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். கால்குலேட்டரைத் தனியா வச்சுக்கங்கன்னா. போனை எடுத்தா நோயாளிக்கு நாம வாட்ஸ்அப் பார்க்கிற மாதிரிதான் தெரியும்.

கால்குலேட்டர் எதுக்கு? காக்கிராஃப்ட்-கால்ட் கணக்குக்கு. 140-ல வயசைக் கழிச்சு, எடையால பெருக்கி, 72-ஐ கிரியாட்டினினால பெருக்கி வர்ற எண்ணால வகுக்கணும். பெண்ணா இருந்தா 0.85-ஆல பெருக்கணும். 70 வயசுப் பாட்டி, 45 கிலோ, கிரியாட்டினின் 1.2. ரிப்போர்ட்டைப் பார்த்தா பெருசா ஒண்ணும் தோணாது. கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு 31 மில்லிதான் வருது. சிறுநீரகம் வழியா வெளியேறுற பல மருந்துக்கு டோஸைக் குறைக்க வேண்டிய அளவு அது. நானும் போட்டுப் பார்த்தேன், அசந்துட்டேன்.

அடுத்து அவ சொன்னது பையில வைக்கிற பொருளே இல்ல, ஒரு கேள்வி. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க"ன்னு கேட்காதீங்க, "மஞ்சப்பையைக் காட்டுங்க"ன்னு கேளுங்க.

எங்க அம்மாச்சி பூம்பாறைல இருக்காங்க. ஒரு நாள் காலைல வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சே குழறிடுச்சு. லீவுக்கு வந்திருந்த இவதான் சுகர் பார்த்தா, 52. சர்க்கரைத் தண்ணி கொடுத்துத் தெளிய வச்ச பிறகு மருந்துப் பையைக் கட்டில்ல கொட்டினா. ரெண்டு டாக்டர்கிட்ட வாங்கின ரெண்டு அட்டை, ரெண்டு பேர். கீழ பொடி எழுத்துல ரெண்டுலயும் கிளிமிபிரைடு! எங்க பாஷைல, ஒரே லைப்ரரியை ரெண்டு பேர்ல இன்ஸ்டால் பண்ணின மாதிரி. அம்மாச்சி மேல தப்பே இல்ல, சொன்னபடி ஒழுங்கா முழுங்கினாங்க. அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டி ஒண்ணை நிறுத்தினோம்.

அதுக்கப்புறம் அவ நோட்டுல ஒவ்வொரு நோயாளிக்கும் மூணு கட்டம் போடுறா: அட்டையில உள்ள பேர், உள்ளே இருக்கிற மருந்து, யார் எழுதினது. நாட்டு மருந்தும் அதுல சேரும். கடைசிப் பக்கத்துல 1800-180-3024, மருந்தால பாதிப்பு வந்தா தெரிவிக்கிற இலவச எண்.

ஊட்டி போறவங்க ஸ்வெட்டரைக் கோட்டுக்கு உள்ள போடுங்க. மேல போட்டா பாக்கெட்ல கை போகாதாம்.