லயத்து முகவரியில் ஒரு கடை: சட்டப்படி தொடங்குவது எப்படி?

வியாபாரப் பெயர் பதிவுக்கான விண்ணப்பத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன தொழில் என்பதையெல்லாம் மளமளவென்று எழுதிவிடலாம். வியாபாரம் நடக்கும் இடம் என்ற வரிக்கு வந்ததும் தோட்டத்தில் பிறந்தவரின் பேனை நின்றுவிடும். காம்பரா எண் தெரியும், லயத்தின் எண் தெரியும், டிவிசன் பெயரும் தோட்டத்தின் பெயரும் தெரியும். அந்த இடத்தில் தொழில் செய்ய உங்களுக்கு என்ன உரிமை என்பதைக் காட்டும் காகிதத்தைத்தான் பிரதேச செயலகம் கேட்கும். சொந்த இடமென்றால் உறுதியின் பிரதி, வாடகையென்றால் ஒப்பந்தம், இன்னொருவருடையதென்றால் அவர் தரும் சம்மதக் கடிதம். நாலு தலைமுறையாக அதே காம்பராவில் அடுப்பெரித்த குடும்பமாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுகூட வீட்டுப் பெட்டியில் இராது.

ஹட்டன் பக்கத்திலோ நுவரெலியாப் பக்கத்திலோ ஒரு சிறுதொழிலைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. தையல், சிகையலங்காரம், மிளகாய்த்தூள் அரைத்தல், சிற்றுண்டி, பெட்டிக்கடை என எதுவாகவும் இருக்கலாம். பொதுவான வழிகாட்டிகள் பெயரைத் தெரிவு செய்வதிலிருந்து ஆரம்பிக்கும். தோட்டத்தில் இருப்பவர் இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காரணம் பழையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டு, பின்னர் அது நீண்டகாலக் குத்தகையானது. ஆக, நிலம் அரசாங்கத்தினுடையது, கைவசம் வைத்திருப்பது கம்பனி, குடியிருப்பது தொழிலாளி. மூன்றாமவரிடம் மட்டும் காகிதம் இல்லை. லயக் காம்பராவில் கடை வைப்பதற்கு சம்மதம் சொல்லக்கூடியவர் தோட்ட முகாமையாளர், நம்மவர் வாயில் துரை.

அவரிடம் எழுத்தில் கேளுங்கள். என்ன தொழில், எத்தனை சதுர அடி, எந்த நேரம், கழிவுநீர் எங்கே போகும், மின்சாரம் எந்த மீற்றரிலிருந்து வரும், சுவரையோ கூரையையோ மாற்றப் போகிறீர்களா என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலும் தோட்டத்தின் கடிதத் தலைப்பில், முத்திரையோடு வர வேண்டும். பிரட்டுக் களத்தில் நின்று “சரி, செய்” என்று துரை சொல்லியிருக்கலாம். அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். இன்னொன்றும் உண்டு. கடிதம் கைக்கு வருமுன் லயத்துக்கு முன்னால் தகரம் இறக்கி, கல் அடுக்கி, கடை முகப்புக் கட்டிவிடாதீர்கள். அரச காணியில் அனுமதியில்லாமல் எழுப்பியதை அகற்றச் சொல்ல சட்டம் இருக்கிறது. சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு கல்லும் தகரமுமாகக் கிடந்துவிடும்.

ஏழு பேர்ச் காணியில் கட்டிய புதிய வீட்டில் இருப்பவர்களுக்கு வழி சற்று இலகு. ஆனால் வீட்டின் சாவி கிடைத்தவர்கள் எல்லோருக்கும் உறுதி கிடைத்துவிடவில்லை. உறுதி கையில் இல்லையென்றால் பிரதேச செயலகத்திலும், 2018இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையிலும் உங்கள் வீட்டின் நிலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வழியும் அடைபட்டால் டவுனில் ஒரு சிறு அறையை வாடகைக்கு எடுக்க நேரும். செலவு கூடும், ஒப்பந்தம் மட்டும் சந்தேகமில்லாததாக இருக்கும்.

இடத்துக்கு அடுத்து உங்கள் சொந்தப் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, கலியாணப் பதிவில் மூன்றாவது மாதிரி என்று பெயர் எழுதப்பட்டிருப்பது மலையகத்தில் சர்வசாதாரணம். யாரோ ஒருவர் தன் காதில் விழுந்தபடி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பதிந்து வைத்ததன் பலன் அது. வியாபாரப் பதிவில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் இன்னொரு பெயரும் வந்துவிட்டால் பிறகு சிக்கல்தான். சிறு வித்தியாசமென்றால் சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கும் சத்தியக் கடதாசி பல இடங்களில் போதும். பெரிய வித்தியாசத்தை முதலில் திருத்திக்கொள்வதே நல்லது.

இனி, தொழில் எந்த உருவத்தில் இருக்கப்போகிறது? ஒருவர் தனியாக நடத்தினால் தனி உரிமையாளர் வியாபாரம். பெரும்பாலானோருக்கு இதுவே பொருத்தம். கடன் வந்தால் கடையும் வீட்டுச் சொத்தும் சேர்ந்தே பொறுப்பாகும் என்பதை நினைவில் வையுங்கள். அண்ணன் தம்பியோ இரண்டு தோழிகளோ சேர்ந்தால் அது பங்குடைமை. மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இன்று ஒரு தையல் மெஷினுக்குக்கூட அந்தத் தொகை காணாது. ஆகவே எல்லாப் பங்குடைமைக்கும் எழுத்து வேண்டும் என்றே கொள்ளுங்கள். “நம்ம ஆளுதானே” என்று தொடங்கி, பேச்சுவார்த்தை அற்றுப்போன உறவுகள் எத்தனையோ. பிரைவேட் லிமிட்டட் கம்பனி 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வருவது. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் இணையம் வழியாகப் பதியலாம், ஒரே பங்காளரும் போதும். அதற்குச் செயலாளர் வேண்டும், ஆண்டறிக்கை வேண்டும். ஏற்றுமதி, பெரிய முதலீடு என்று போகும்வரை அந்தச் சுமை அவசியமில்லை என்பது என் கருத்து.

தனி வியாபாரமும் பங்குடைமையும் பிரதேச செயலகத்தில் பதியப்படும். முதலில் ஜீ.எஸ். என்று நாம் சொல்லும் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். நீங்கள் வசிக்கும் பிரிவும் கடை இருக்கும் பிரிவும் வேறானால், கடை இருக்கும் பிரிவின் உத்தியோகத்தரே இடத்தை உறுதிப்படுத்த வேண்டியவர். அவரது அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்கான கடிதம், நிரப்பிய விண்ணப்பம் இவற்றோடு செயலகத்துக்குப் போகலாம். சில தொழில்களுக்குப் பீ.எச்.ஐ. என்று நாம் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை போன்றவையும் கேட்பார்கள். முன்பு நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தே பிரதேச செயலகங்கள் இருந்தன. மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் ஒரு கையெழுத்துக்காகக் கினிகத்தேனைவரை பஸ் ஏறிய காலம் அது. இப்போது நோர்வூட், தலவாக்கலை உட்படப் பத்துப் பிரிவுகள். உங்கள் தோட்டம் எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதைப் போகுமுன் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்.

படிவத்தையும் பதிலையும் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பின்படி தமிழும் ஆட்சிமொழி. கேட்பவர் சலுகை கேட்கவில்லை, சட்டத்தில் இருப்பதைக் கேட்கிறார்.

வியாபாரப் பெயர்ப் பதிவு 1918ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வந்தது. பின்னர் மாகாண சபைகளின் அதிகாரத்துக்குள் போனது. தன் சொந்தப் பெயரிலேயே, எதையும் சேர்க்காமல், தொழில் செய்பவர் அந்தச் சட்டப்படி பெயரைப் பதிய வேண்டியதில்லை. “ஸ்டோர்ஸ்”, “டெய்லர்ஸ்” என்று ஒரு வால் சேர்ந்தாலே பதிய வேண்டும். தொழில் தொடங்கி 14 நாட்களுக்குள் விபரம் கொடுக்க வேண்டும் என்பது கட்டளைச் சட்டத்தின் விதி. சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். முகவரி மாறினாலும் கூட்டாளி விலகினாலும் கடையை மூடினாலும் அறிவியுங்கள். ஒரு தவறான நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும்: வியாபாரப் பெயரைப் பதிந்ததால் அந்தப் பெயர் உங்கள் சொத்தாகிவிடாது. மிளகாய்த்தூள் பக்கற்றில் போடும் பெயரையும் சின்னத்தையும் காப்பாற்ற வேண்டுமானால், 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகத் தனியே பதிய வேண்டும்.

பதிவோடு வேலை முடிந்தது என்று பலர் நின்றுவிடுகிறார்கள். அடுத்தது உள்ளூராட்சி மன்றம். ஹட்டன் – டிக்கோயா, தலவாக்கலை – லிந்துலை நகர சபைகள், நுவரெலியா மாநகர சபை ஆகியவற்றின் எல்லைக்கு வெளியே தோட்டங்கள் பிரதேச சபைகளுக்குள் வரும். சாப்பாட்டுக் கடை, பேக்கரி, சலூன் போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வியாபார உரிமம் வேண்டும். வேறு சில தொழில்களுக்கு உரிமம் இல்லாமல் ஆண்டு வரி மட்டும் இருக்கும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டங்களுக்குள் சபைகள் தாராளமாகச் சேவை செய்ய முடியாத நிலை நீண்ட காலம் இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்றும், நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை என்றும் பிரிந்தன. வரி கட்டும் கடைக்காரர், லயத்துக் கானும் பாதையும் எப்போது திருத்தப்படும் என்று இப்போது அந்தச் சபையையே கேட்கலாம். அரைக்கும் மில், வாகனம் திருத்தும் இடம் போல சத்தமோ கழிவோ உண்டாக்கும் தொழிலென்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள்.

சாப்பாட்டுத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெண்கள் அதிகம் தொடங்குவது அதைத்தான். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டு அடுப்பில் சுட்டு விற்கும் வடைக்கும் பொருந்தும். பீ.எச்.ஐ. வந்து பார்ப்பது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, சமைக்கும் இடமும் படுக்கும் இடமும் பிரிந்திருக்கின்றனவா, ஈயும் எலியும் வராமல் என்ன ஏற்பாடு என்பதையே. ஒற்றைக் காம்பராவில் குடும்பமே வாழும் வீட்டில் இந்த மூன்றாவது கேள்விதான் பலரை விழுத்துகிறது. ஆகவே பணம் போடுமுன், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பீ.எச்.ஐ.யைச் சந்தித்து, “இந்த இடத்தில் என்ன மாற்றம் செய்தால் அனுமதிப்பீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள். பக்கற்றில் அடைத்து விற்பதானால் லேபலில் பொருளின் பெயர், உள்ளடங்கியவை, நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரித்தவர் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். பச்சைக் கொழுந்து வாங்கி விற்பது வேறு உலகம்; 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும். இலங்கைத் தேயிலைச் சபையைக் கேட்காமல் அதில் கால்வைக்காதீர்கள்.

நிறுத்து விற்கும் எவருடைய தராசும் ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரையிடப்பட வேண்டும். கொழுந்து நிறுவையில் கிலோக் கணக்கில் கழிவு போவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு குமுறியவர்கள் நாம். நம் கடைத் தராசு சுத்தமாக இருக்க வேண்டும். விலையை எழுதித் தொங்கவிடுவதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் கேட்பவை.

வரி என்றதும் பயந்து பதிவே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். வருமான வரி விற்ற தொகைக்கு இல்லை, இலாபத்துக்கு. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். மாதம் ஒன்றரை இலட்சம் இலாபம் வராத கடைக்கு வருமான வரி இல்லை. வற் வரிக்கான விற்பனை எல்லை 2024 ஜனவரியில் ஆண்டுக்கு 6 கோடியாக்கப்பட்டது. வரவுசெலவுத் திட்டத்தில் இவை மாறக்கூடியவை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை (டின்) பெற்றுக்கொண்டு, தினமும் வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். திணைக்களத்தின் கடிதங்கள் தோட்டக் கந்தோர் வழியாகத் தாமதித்து வரும் இடமென்றால், கைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் தவறாமல் கொடுங்கள்.

கடைசியாக, உதவிக்கு ஒருவரை வைக்கும் நாள். அந்த நாளிலிருந்து நீங்கள் தொழில்தருநர். ஈ.பி.எப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதிக்கான சட்டம் 1958ஆம் ஆண்டினது. ஊழியரிடமிருந்து 8 வீதம், நீங்கள் 12 வீதம். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் மட்டும் 3 வீதம். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இது உண்டு. 14 நாட்களுக்குள் தொழில் திணைக்களத்தில் பதிய வேண்டும், மாதக் காசை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கக் கூடாது. ஈ.பி.எப். காசுக்காக அம்மா எத்தனை முறை கந்தோருக்கு நடந்தார் என்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தச் சட்டத்தின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கைத் திறவுங்கள். பிரதேச அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் தொழில் கடனுக்கு அதுவே வாசல். வாராவாரம் கிழமை சொல்லி வாசலில் வந்து நிற்கும் குழுக் கடனைவிட எத்தனையோ மேல். பிரதேச செயலகத்திலேயே சிறுதொழில் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள், பயிற்சியும் ஆலோசனையும் இலவசம். எந்த அலுவலகத்தில் எதற்கு எவ்வளவு கட்டணம் என்பதை அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம். கொடுக்கும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் ஒருவர் முறையாகச் செய்தாலும் முதல் கடிதம் ஒரு முகாமையாளரின் மனநிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாவட்டச் செயலகமும் பெருந்தோட்டக் கம்பனிகளும் பிரதேச சபைகளும் ஒன்றாக உட்கார்ந்து, லயத்திலும் தோட்டக் காணியிலும் சிறுதொழில் செய்வதற்கான ஒரே மாதிரியான சம்மதப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து இத்தனை நாட்களுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. மலையகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சபை உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலேயே இதைக் கேட்க வேண்டும்.