எடை குறைக்க என்ன கருவி வாங்கலாம்?

வெளிநாட்டில் இருக்கும் மகன், "உம்மா, டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல, ஒரு ட்ரெட்மில் வாங்கிக்குங்க" என்று பணம் அனுப்புகிறார். மெஷின் வந்து ஹாலில் இடம் பிடிக்கிறது. முதல் வாரம் வீடே முறை வைத்து ஏறுகிறது. மூன்றாம் மாதம் அதன் கைப்பிடியில் துணி காய்கிறது. கோட்டைப்பட்டினம், அறந்தாங்கி பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் நமக்குப் புதிதல்ல. வெயிலில் நின்று ஒருவர் சம்பாதித்த பணம் அது. வாங்குமுன் கொஞ்சம் யோசிப்போம்.

முதலில், எடை அதிகமா என்று பாருங்கள். நம் நாட்டவருக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 60 கிலோ என்பதே 25-தான். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. தையல் டேப் ஒன்று போதும், இதை வீட்டிலேயே அளந்துவிடலாம்.

மெஷினால் ஆகாத வேலை ஒன்று உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். எண்ணெயில் பொரித்த ஒரே ஒரு சமோசா அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு, தூக்கம் எல்லாவற்றுக்கும் நடை உதவும். எடை இறங்காவிட்டாலும் இந்தப் பலன் உண்டு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் செய்தால் கணக்கு சரியாகிவிடும்.

ஆகவே நான்கு வாரம் காசில்லாமல் தொடங்குங்கள். ஃபஜ்ருக்குப் பிறகு மொட்டை மாடியில் நடக்கலாம். கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் பிடித்து மேலே உயர்த்தலாம். நான்கு வாரம் விடாமல் செய்தவருக்கு மெஷின் பயன்படும். செய்யாதவரை மெஷின் வந்து மாற்றிவிடாது என்பதே என் அனுபவம்.

வாங்குவதென்று முடிவானால், முழங்கால் வலி உள்ள, எடை கூடிய ஆரம்பக்காரருக்கு என் முதல் தேர்வு உடற்பயிற்சி சைக்கிள். உடல் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால் மூட்டுக்குச் சுமை குறைவு. காந்தத்தால் இறுக்கம் மாற்றும் வகை சத்தம் போடாது. முதுகுவலி இருந்தால் சாய்மானம் உள்ளதை எடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்குமாறு இருக்கை உயரத்தை வைக்க வேண்டும். விலையும் நல்ல ட்ரெட்மில்லை விடக் குறைவு.

ட்ரெட்மில்தான் வேண்டும் என்பவர்கள், பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் எச்.பி.யை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மோட்டார் கணநேரம் எட்டும் உச்சம். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் எடையைவிட 20 கிலோவாவது அதிகம் தாங்குமா என்று பாருங்கள். பழுதானால் ஆள் புதுக்கோட்டையிலிருந்து வருவாரா, திருச்சியிலிருந்தா, வீட்டுக்கே வருவாரா என்பதை பில் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கரையோர ஊர்களில் உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது; அங்கே மெஷினை வராந்தாவில் வைக்காதீர்கள். கடையில் பத்து நிமிடமாவது ஏறி நடந்து பார்க்காமல் வாங்கவும் வேண்டாம்.

தொலைக்காட்சியில் வரும் அதிரும் பெல்ட், வியர்க்க வைக்கும் பெல்ட் இரண்டும் வீண் செலவு. வியர்வையில் போவது தண்ணீர். ஒரு செம்பு குடித்ததும் எடை திரும்பிவிடும். வயிற்றில் மட்டும் கொழுப்பைக் கரைக்கும் கருவி எதுவும் கிடையாது. ஸ்கிப்பிங் கயிறு மலிவுதான், ஆனால் 80 கிலோ உடம்பு குதித்தால் முழங்கால் தாங்காது.

துப்பட்டா, புர்கா நுனி பெல்ட்டிலோ சக்கரத்திலோ சிக்காமல் முடிந்துகொள்ளுங்கள். ட்ரெட்மில்லின் பாதுகாப்புச் சாவியைப் பயிற்சி முடிந்ததும் எடுத்து உயரத்தில் வையுங்கள். பிள்ளைகள் விரல் விட்டுவிடுவார்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பக்கத்தில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். நோன்பு நாளில் பகல் பயிற்சியைத் தவிர்க்கலாம். நெஞ்சு அழுத்தினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆண்களுக்கு மைதானமும் சாலையும் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் வண்டிகளுக்கு நடுவே நம் பெண்கள் எங்கே நடப்பார்கள்? மெஷின் கேட்கும் வீடுகளில் பாதிக் காரணம் இதுதான். சென்னை ஏஷியாட் காலனியில் நீரிழிவு ஆய்வாளர்கள் விழிப்புணர்வு ஊட்டியபின், குடியிருந்தவர்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் அங்கே நூற்றுக்கு 14 பேராக இருந்தது சுமார் 59 ஆக உயர்ந்தது. நம் தெருவில் பூங்காவுக்கு இடமில்லாமல் போகலாம். மூன்று வீடு சேர்ந்து ஒரு சைக்கிள் வாங்கி, பெண்கள் மட்டும் வந்துபோகும் ஒரு மாடி அறையில் வைத்து, ஆளுக்கு ஒரு நேரம் பிரித்துக்கொள்ள முடியும். இன்று ஏன் வரவில்லை என்று கேட்க பக்கத்து வீட்டு லாத்தா இருந்தால், அந்தச் சைக்கிளில் துணி காயாது.