காரில் இருக்கிறது, காதில் இல்லை

சாட்டிலைட் ரேடியோ வந்த வேகத்தில் போய்விட்டது. டிஜிட்டல் ரேடியோ வந்திருப்பதே பலருக்குத் தெரியாது.

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலுக்குப் புதுக் கார்களைப் பூஜைக்குக் கொண்டுவருவது வழக்கம். முகப்பில் மாலை, கண்ணாடியில் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சென்னை, வேலூர் பக்கத்திலிருந்து வரும் கார்களும் நிறைய. பூஜை முடிந்து திருப்பதிக்குக் கிளம்பினால் பாட்டு வேண்டும். ஆனால் சென்னை எஃப்எம் காஞ்சிபுரம் தாண்டியதுமே கரகரக்கத் தொடங்கி, ஆந்திர எல்லைக்கு முன்பே அடங்கியிருக்கும். டிரைவரின் விரல் செல்போனைத் தேடுகிறது. அதே காருக்குள் இன்னொரு ரேடியோ இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியாது.

மாருதி சுஸுகி, ஹூண்டாய், மஹிந்திரா போன்ற நிறுவனங்கள் பல மாடல்களில் டிஜிட்டல் ரேடியோவைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்புகின்றன. டிஆர்எம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த முறையில் ஒலிபரப்புவதற்காக ஆகாசவாணி சுமார் 35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை அமைத்தது. சென்னை அவற்றில் ஒன்று. சந்தா கிடையாது. இன்டர்நெட்டும் தேவையில்லை.

இதற்கு முன் காரைக் குறிவைத்தது சாட்டிலைட் ரேடியோ. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் 2000 மார்ச்சில் ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளை ஏவியது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவில் கடை விரித்தது. தமிழுக்கு ஒரு சேனல், தெலுங்குக்கு ஒரு சேனல், கர்நாடக இசைக்குத் தனிச் சேனல். ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரத் தூதரானார். கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும் ஒரே தரத்தில் பாட்டு. உலகெங்கும் இருந்த அதன் சந்தாதாரர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்களே.

அவர்கள் கேட்டதெல்லாம் வீட்டில்தான். கருவியின் ஆன்டெனா செயற்கைக்கோளை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். ஜன்னலோரம் வைத்துத் திசை திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஓடும் காரில் அது நடக்காது. மாடிக் கட்டடமோ மேம்பாலமோ மலையோ குறுக்கிட்டால் பாட்டு அறுந்துவிடும். அமெரிக்காவில் 2001இல் வந்த எக்ஸ்எம்மும் அடுத்த ஆண்டு வந்த சிரியஸும் இதற்கு வழி கண்டன. நகரங்களில் தரையிலும் ஒலிபரப்பிகளை நிறுவி இடைவெளிகளை அடைத்தன. 2008இல் இரண்டும் இணைந்து, இன்றும் கார்களில் ஒலிக்கின்றன. இந்தியாவில் அப்படித் தரை ஒலிபரப்பிகளை நிறுவ வகைசெய்யும் கொள்கை கடைசிவரை வரவில்லை. 2008 அக்டோபரில் வேர்ல்ட்ஸ்பேஸ் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31 அன்று இந்திய ஒலிபரப்பு நின்றது. சந்தா கட்டியவர்கள் கையில் எஞ்சியது ஒன்றுக்கும் உதவாத பெட்டி.

அதே 2009 ஜனவரியில்தான் டெல்லியில் ஆகாசவாணி சிற்றலையில் டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒன்று முடிந்த ஆண்டில் மற்றொன்று பிறந்தது.

சித்தூர் போன்ற எல்லைப் பகுதிக்கு மத்திய அலை டிஜிட்டல் பொருத்தமானது. எஃப்எம் அலைகள் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் செல்பவை. மலை மறைத்தால் தேயும். மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பரவும், தொலைதூரம் போகும். அதன் பழைய குறை இரைச்சல். டிஜிட்டலில் அது இல்லை. ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளையும் எழுத்து வடிவத் தகவல்களையும் அனுப்பலாம். புயல், வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்தாலும் எச்சரிக்கை போய்ச் சேரும். ஆனால் ஒரு வம்பு உண்டு. பழைய ரேடியோவில் சிக்னல் குறைந்தால் கரகரப்போடாவது கேட்கும். டிஜிட்டலிலோ தெளிவாகக் கேட்கும், இல்லையென்றால் மௌனம்.

அப்படியிருந்தும் ஏன் யாரும் கேட்பதில்லை? தனியார் நிலையங்கள் இதில் இல்லை. கடையில் தனியாக வாங்கக்கூடிய டிஆர்எம் ரேடியோப் பெட்டிகள் அரிது, விலையும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேல், காரை விற்பவர் இதைச் சொல்வதில்லை. காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது நம்பிக்கை. ஷோரூமில் சத்தியமெல்லாம் கேட்க வேண்டாம். "டிஆர்எம் இருக்கிறதா? ஓட்டிக் காட்டுங்கள்" என்றால் போதும். ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் ரேடியோவில் ஏஎம் பகுதிக்குப் போய் நிலையங்களைத் தேடச் சொல்லலாம். திரையில் டிஆர்எம் என்ற எழுத்தும் நிலையத்தின் பெயரும் வந்தால் அதிர்ஷ்டம்.

மின்சாரக் கார் வாங்குபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மோட்டாரின் மின்குறுக்கீடு ஏஎம் ஒலிபரப்பைக் கெடுக்கும். இதைக் காரணம் காட்டி வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஏஎம் ரேடியோவையே கழற்றிவிட்டன. ஃபோர்டும் அப்படி முடிவு செய்து, எதிர்ப்புக் கிளம்பியதும் 2023 மே மாதம் பின்வாங்கியது.

உலகம் இந்தத் திசையில்தான் போகிறது. நார்வே 2017இல் தேசிய எஃப்எம் ஒலிபரப்புகளை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் முதல் புதுக் கார்களின் ரேடியோவில் டிஜிட்டல் வசதி கட்டாயம். இந்தியாவில் தனியாருக்கும் டிஜிட்டல் ரேடியோவைத் திறந்துவிடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 அக்டோபரில் பரிந்துரைத்தது. நாடு முழுக்க ஒரே தொழில்நுட்பம் வேண்டும், 13 பெருநகரங்களில் தொடங்கலாம் என்பது அதன் யோசனை.

பட்டியலில் சென்னை இருக்கிறது, பெங்களூர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சித்தூரும் திருப்பதியும் இல்லை. பெருநகரங்களில் ரேடியோவுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லையோர ஊர்களில்தான் ஒரு மொழியின் ஒலி அறுந்துபோகிறது. அங்கே கேட்காத வரை, காரில் எந்த ரேடியோ இருந்தாலும் அது வெறும் அலங்காரம்தான்.