ஐந்து கிராமும் தொள்ளாயிரம் கிராமும்

கல்லூரி மாணவன் ஒருவனின் சட்டைப்பையில் ஐந்து கிராம் கஞ்சாப் பொட்டலம். பேருந்து நிலையத்தில் சில்லறை வியாபாரம் செய்பவரின் பையில் தொள்ளாயிரம் கிராம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. ஒரு கிலோவுக்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் 'சிறிய அளவு'. இருவருக்கும் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எடையைப் பார்த்துத் தண்டனையைப் பிரிக்கும் முறை 2001 திருத்தத்தில் வந்தது. அப்போது ஆறு மாதமாக இருந்ததை 2014-ல் ஓராண்டாக்கினார்கள்.

தண்டனையைவிட வழக்குதான் ஆளை முடக்குகிறது. கைது, முதல் தகவல் அறிக்கை, வாய்தா. கடைசியில் அபராதத்தோடு விட்டாலும் 'கஞ்சா கேஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணை வரும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

திருந்த வழியே இல்லையா? 64ஏ பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு. ஆனால் வார இறுதியில் நண்பர்களோடு புகைத்தவன் அடிமை இல்லையே! நோய் முற்றியவனுக்குத் திறக்கும் கதவு அவனுக்குத் திறக்காது.

இந்தச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. பூவும் காயும் கலந்த நுனிப்பகுதிதான் கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அந்த இலையில் செய்யும் பாங்கை விற்கும் கடைகள் அரசு உரிமத்தோடு நடக்கின்றன. பிரிட்டிஷ் அரசு 1893-ல் அமைத்த கஞ்சா போதைப்பொருள் ஆணையமே, மிதமான பழக்கத்தால் பெரிய கேடில்லை, முழுத்தடை வேண்டாம் என்றுதான் சொன்னது. அதற்காகக் கஞ்சாவைத் துளசியாக்க வேண்டாம். பதின்வயதில் தொடங்குபவர்களுக்கும் மனநோய்க் கூறு உள்ளவர்களுக்கும் அது உண்மையிலேயே ஆபத்து. ஆனால் அந்த ஆபத்துக்கு மருத்துவர் வேண்டும், லாக்கப் எதற்கு?

போர்ச்சுகல் 2001-ல் உபயோகிப்பவரையும் விற்பவரையும் பிரித்துவிட்டது. அங்கே கஞ்சா இன்றும் சட்டவிரோதம்தான். ஆனால் பத்து நாள் சொந்த உபயோகத்துக்குள் அடங்கும் அளவு, அதாவது 25 கிராம் வரை, குற்றவியல் வழக்காகாது. பிடிபட்டவர் சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் அடங்கிய குழுவின் முன் போக வேண்டும். விற்பவருக்குச் சிறை உண்டு.

நம் சட்டத்திலும் 'சிறிய அளவு'க்குள் 'சொந்த உபயோக அளவு' என்று தனியாக ஒரு கோடு போட்டு, அதற்குச் சிறைத்தண்டனையை நீக்கலாம். 'விற்பவன் இருபது இருபது கிராமாக எடுத்துக்கொண்டு வருவானே' என்று காவல்துறை கேட்கும். நியாயமான கேள்விதான். வரட்டும், பிரித்துக் கட்டிய பொட்டலங்கள், தராசு, வாங்கியவரின் சாட்சி என்று விற்பனையை நிரூபிக்க வழிகள் இருக்கின்றன. நிரூபிக்கும் அந்த வேலை போலீஸுடையது.