மென்பொருள் கட்டமைப்பில் நிகழ்வுவழித் தொடர்பு: பாடப்பதிப்புச் செயலி ஒன்றை முன்வைத்து

முன்னுரை

பழந்தமிழ் நூல்களுக்கான சொல்லடைவு, சொல்வருகை எண்ணிக்கை, பாடவேறுபாட்டு அட்டவணை ஆகியவற்றைக் கணினியின் துணையால் உருவாக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. ஒரு சொல் ஒரு நூலில் இத்தனை இடங்களில் பயில்கிறது என ஆய்வேட்டில் எழுதப்படும் எண், செயலியின் உட்பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்துச் சரியாகவோ பிழையாகவோ அமையும். பிழை நேர்ந்தால் செயலி நின்றுவிடும் என்பது பொதுவான எண்ணம். நில்லாமல் இயங்கித் தவறான எண்ணைத் தருவதே ஆய்வாளருக்குப் பெருங்கேடு. அத்தகைய பிழைக்கு இடமளிக்கும் ஒரு கட்டமைப்புத் தெரிவை இக்கட்டுரை விளக்குகிறது.

வகுப்புகளும் பிணைப்பும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் தரவும் அத்தரவின்மேல் நிகழும் செயல்களும் ஓர் அலகாகத் தொகுக்கப்படுகின்றன. அவ்வலகு வகுப்பு எனப்படும். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் கொண்ட குறுந்தொகைக்கு ஒரு பாடப்பதிப்புச் செயலி எழுதப்படுவதாகக் கொள்வோம். மூலத்தைக் காக்கும் 'பாடம்', 'சொல்லடைவு', 'சொல்வருகை', திரையில் சுவடிப் பாடங்களைக் காட்டும் 'வேறுபாட்டுப் பலகம்', 'சந்திபிரிப்பான்' என ஐந்து வகுப்புகள் அதில் உள்ளன. பதிப்பாசிரியர் ஒரு சொல்லை நீக்கி, வேறொரு சுவடியின் பாடத்தை ஏற்கிறார். இம்மாற்றம் பிற வகுப்புகளுக்கு எட்ட வேண்டும்.

எளிய வழி நேரடி அழைப்பு. பாடம் வகுப்பே சொல்லடைவையும் சொல்வருகையையும் பலகத்தையும் பெயர் சொல்லி அழைக்கும். நாளை யாப்பு ஆய்வுக்கென ஒரு வகுப்பைச் சேர்த்தால் பாடம் வகுப்பையும் திருத்த வேண்டும். மூலத்தைக் காப்பதொன்றே கடமையாகவுடைய வகுப்பு, தன்னைப் பயன்படுத்துவோர் அனைவரையும் அறிந்திருக்க நேர்கிறது. இதனையே நிரலாளர் இறுகிய பிணைப்பு என்பர்.

நிகழ்வுவழித் தொடர்பில் இந்த அறிமுகம் தலைகீழாகிறது. பாடம் வகுப்பு 'பாடம் மாறியது' என்னும் நிகழ்வை அறிவிப்பதோடு அமைகிறது. கேட்க விரும்பும் வகுப்புகள் முன்னரே தம்மைப் பதிவு செய்துகொள்கின்றன. எவை கேட்கின்றன, எத்தனை கேட்கின்றன என்பது அறிவிப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டுவதுமில்லை.

இக்கருத்து புதிதன்று. 1970களின் இறுதியில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்காக் வகுத்த மாடல்–வியூ–கன்ட்ரோலர் அமைப்பும் அதனையொட்டிய ஸ்மால்டாக் மரபும் இதனைக் கையாண்டன. காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடிஸ் ஆகிய நால்வர் 1994இல் வெளியிட்ட வடிவமைப்புப் பாங்குகள் பற்றிய நூல் இதற்கு 'அப்சர்வர்' எனப் பெயரிட்டு, 23 பாங்குகளுள் ஒன்றாக வைத்தது. ஜாவா மொழியின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பு, திரை நிகழ்வுகளுக்குக் 'கேட்பான்' பதிவுமுறையைக் கொண்டுவந்தது.

முரசும் தூதும்

தமிழிலக்கியப் பயிற்சியுடையார்க்கு இவ்வேறுபாடு மணிமேகலையின் முதலிரு காதைகளால் தெளிவாகும். விழாவறை காதையில் இந்திர விழா முரசறைந்து அறிவிக்கப்படுகிறது. அறைபவன் வீடுதோறும் சென்று விடை பெறுவதில்லை. கேட்டவர் தத்தம் கடமையைச் செய்வர். ஆனால் மாதவியும் மணிமேகலையும் விழாவிற்கு வாராமை கண்டு வருந்தும் சித்திராபதி, அடுத்த காதையில் முரசை நாடவில்லை; வயந்தமாலையை மாதவியிடம் அனுப்புகிறாள். அவளுக்கு வேண்டியது விடை. உவமையை இதற்குமேல் நீட்டுவது பொருந்தாது. எனினும் விடை வேண்டுமிடத்துத் தூதும், வேண்டாவிடத்து முரசும் என்னும் பகுப்பு, நிரலாளர் கைக்கொள்ளும் முதன்மையான அளவுகோலோடு ஒத்துச்செல்கிறது.

மேற்கண்ட செயலிக்கு இதனைப் பொருத்துக. சொல்லடைவு ஓர் அடியைப் பெற்றதும் அதனைச் சந்தி பிரித்த சொற்களாகப் பெற்றாலன்றி மேற்செல்ல இயலாது. ஆகவே சந்திபிரிப்பானை அது நேரடியாக அழைத்தலே முறை. இங்கு நிகழ்வைப் புகுத்தினால், கேள்வி ஓர் அறிவிப்பாகவும் விடை மற்றோர் அறிவிப்பாகவும் சிதறி, எவ்விடை எக்கேள்விக்குரியது என்பதைத் தனியே கணக்கு வைக்க நேரும். வேறுபாட்டுப் பலகத்தின் நிலை வேறு. அது புதுப்பிக்கப்பட்டதா என்பது பாடம் வகுப்பிற்குக் கவலையன்று. ஆண்டு நிகழ்வே தகும்.

வரிசையால் விளையும் பிழை

கவனத்திற்குரியது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. சொல்வருகை தன் எண்களைச் சொல்லடைவிலிருந்தே பெறுகிறது. ஆயினும் இரண்டும் 'பாடம் மாறியது' நிகழ்விற்கே பதிவு செய்துகொண்டன எனின், எது முதலில் கேட்கும்? கேட்பான்கள் அழைக்கப்படும் வரிசைக்கு இப்பாங்கு உறுதி அளிப்பதில்லை. பதிவு செய்த வரிசைப்படி அழைக்கும் மொழிகளிலும், அவ்வரிசை நிரலின் தொலைவான ஒரு மூலையில் தற்செயலாக அமைந்ததாகவே இருக்கும். சொல்வருகை முந்திக்கொண்டால் பழைய அடைவை எண்ணும். நீக்கப்பட்ட சொல்லுக்கு ஓர் எண்ணிக்கை கூடுதலாக நிற்கும். ஏற்கப்பட்ட சொல் கணக்கில் வாராது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. ஒருமுறை மட்டுமே பயின்ற சொற்களைப் பட்டியலிடும் ஆய்வாளருக்கு அந்த ஓர் எண் ஒரு பதிவையே சேர்க்கும் அல்லது அழிக்கும்.

தீர்வு, வரிசை எண் இட்டு ஒழுங்குசெய்வதன்று. அது பிணைப்பை மறைவாக மீட்டுக்கொண்டுவரும். சார்பு எங்குள்ளதோ அங்கேயே அதனை வெளிப்படையாக்குதல் வேண்டும். சொல்லடைவு தன் பணி முடிந்தபின் 'அடைவு புதுக்கப்பட்டது' எனத் தானே ஒரு நிகழ்வை அறிவிக்கலாம். சொல்வருகை அதனை மட்டும் கேட்கலாம். எண்ணிக்கை கேட்கப்படும்பொழுதே அடைவை நேரடியாக அழைத்துக் கணக்கிடுவது இன்னும் எளிது. 401 குறும்பாடல்களுக்கு அதனால் தாமதம் உணரப்படாது.

வேறு இரு இடர்களும் உள. கேட்பானாக அமைந்த வகுப்பே மூலத்தைத் திருத்தினால், அத்திருத்தம் மீண்டும் நிகழ்வை எழுப்பும். ஒற்று மிகுதலைத் தானே சரிசெய்யும் பிழைதிருத்தி ஒன்றைக் கேட்பானாக வைத்தால் இச்சுழல் எளிதில் நேரும். இரண்டாவது, பதிவு நீக்கம். பலகத்தை மூடிய பின்னும் பதிவு நீங்காவிடில், அப்பலகம் நினைவகத்தில் தங்கி ஒவ்வொரு மாற்றத்திற்கும் கண்காணாமல் உழைத்துக்கொண்டிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நிரலைப் படிப்பவர் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. நேரடி அழைப்பில் 'அடுத்து என்ன நிகழும்' என்பது அவ்வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். நிகழ்வில் அது எழுதப்படாமல் உய்த்துணர விடப்படுகிறது. பத்தாண்டுகள் கழித்து வேறொருவர் திருத்தவிருக்கும் பதிப்புச் செயலியில், ஒவ்வொரு நிகழ்வின் பெயருக்கும் அருகே அதனைக் கேட்பவை எவை என எழுதிவைத்தல் உரையாசிரியர் பணியை ஒத்தது. கேட்கும் வகுப்பு ஒன்றே ஒன்றாக இருந்து, அது மாறவும் வாய்ப்பில்லாதபோது, நிகழ்வை விடுத்து நேரடி அழைப்பையே கொள்ளல் தகும்.