படுத்த பிள்ளை ஏன் எழுந்து வருகிறது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்றொரு ஊர். அங்கே சில வீடுகளின் ஜன்னல்களை ஆய்வாளர்கள் கறுப்பு பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். இருந்த பல்புகளைக் கழற்றிவிட்டு, மங்கலாக எரியும் பல்புகளை மாட்டினார்கள். அந்த வீடுகளில் 3 முதல் 5 வயது வரையிலான 10 பிள்ளைகள் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து நாளும் அவர்களைத் தவறாமல் ஒரே நேரத்தில் படுக்க வைத்துப் பழக்கியிருந்தார்கள். ஆறாம் நாள், இருட்டு வீட்டில் அவர்களின் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். ஏழாம் நாள், படுக்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம், அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசை மேல் படம் வரைந்து விளையாட விட்டார்கள். வெளிச்சத்தின் அளவு 1000 லக்ஸ். எச்சிலில் இருக்க வேண்டிய மெலடோனின் என்ற சுரப்பு 88 சதவீதம் குறைந்துபோயிருந்தது. விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் அது மீளவில்லை.

2018-ல் வெளியான இந்த ஆய்வு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் மோனிக் லபூர்ஜ்வா குழுவினுடையது. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அதே குழு 2022-ல் 36 பிள்ளைகளிடம் வெவ்வேறு அளவு வெளிச்சத்தைச் சோதித்தபோது இன்னும் திடுக்கிட வைக்கும் செய்தி கிடைத்தது. வெறும் 5 முதல் 40 லக்ஸ் வெளிச்சமே மெலடோனினைச் சராசரியாக 78 சதவீதம் குறைத்துவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் ஒற்றை டியூப் லைட் எரிந்தாலே வெளிச்சம் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும்.

மெலடோனின் தூக்க மாத்திரை போல ஆளைச் சாய்ப்பதில்லை. பொழுது இருட்டிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் சுரப்பு அது. மூளையின் நடுவில் உள்ள பினியல் சுரப்பி அதை மாலை மங்கிய பிறகு விடத் தொடங்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் நிறுத்திக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளின் கண்பாவை பெரியது, கண்ணின் வில்லையோ தெளிவானது. அதனால் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தாலும், பெரியவர்களைவிட அவர்களின் விழித்திரைக்குள் அதிக வெளிச்சம் போகிறது. நமக்கு உறைக்காத வெளிச்சம் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பகல்.

இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிட்டு "படு" என்கிறோம். பிள்ளை படுக்கிறது, ஐந்தாவது நிமிடம் எழுந்து நிற்கிறது. "தண்ணி வேணும்." கொடுத்தால், "ஒண்ணுக்கு வருது." அதுவும் முடிந்தால், "அம்மா, இன்னொரு கதை." அடம் என்று நினைத்துக் குரலை உயர்த்துகிறோம். அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

லபூர்ஜ்வா குழு 2013-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இரண்டரை முதல் மூன்று வயது வரையிலான 14 பிள்ளைகளின் மெலடோனின் எந்த நேரத்தில் ஏறத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். சராசரி நேரம் மாலை 7.40. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை அது வேறுபட்டது. மெலடோனின் ஏறுவதற்கு முன்போ, ஏறிய கையோடோ படுக்க வைக்கப்பட்ட பிள்ளைகள்தான் அதிக நேரம் புரண்டார்கள், எழுந்து வந்தார்கள், அழுதார்கள். பெற்றோர் பார்த்த கடிகாரமும் பிள்ளையின் உடம்புக் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

படுத்தாலும் தூக்கம் வராத நேரம் பெரியவர்களுக்கும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியான் கழகத்தில் பெரெட்ஸ் லவி என்ற ஆய்வாளர், ஏழு நிமிடம் தூக்கம், பதிமூன்று நிமிடம் விழிப்பு என்று மாற்றி மாற்றி இளைஞர்களைப் படுக்க வைத்துப் பார்த்தார். இரவு 8 முதல் 10 மணி வரை அவர்களால் அநேகமாகத் தூங்கவே முடியவில்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சற்று முன்புதான் மூளை விழிப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறது. 1986-ல் வெளியான அந்தக் கட்டுரையில் அவர் இதைத் 'தூக்கத்துக்குத் தடை செய்யப்பட்ட நேரம்' என்றே அழைத்தார். ராத்திரி எட்டரைக்குப் பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதிப்பதை எந்த வீட்டில்தான் பார்க்கவில்லை!

எனவே நேரத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. பிள்ளை தினமும் பத்தரைக்குத்தான் தூங்குகிறது என்றால், ஒன்பதுக்குப் படுக்க வைத்து ஒன்றரை மணி நேரம் போராட வேண்டாம். சில நாள் பத்தரைக்கே படுக்க வையுங்கள். படுத்ததும் தூங்கிப் பழகட்டும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் மாறக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை உட்பட. மாலை நாலு மணிக்கு மேல் நீளும் பகல் தூக்கத்தையும் குறைக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் சேர்ந்துவந்த தூக்கத் தேவையை அது கரைத்துவிடுகிறது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கூடத்து விளக்கு, டிவி, செல்போன் மூன்றும் ஓய வேண்டும். தாத்தா பாட்டி சீரியல் பார்க்கும் வீட்டில் இது லேசான காரியமல்ல என்பது தெரியும். உள்ளறையில் ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டுக்கொண்டு பிள்ளையை அங்கே அழைத்துப்போவது நடக்கக்கூடியது.

பிள்ளையைத் தனி அறையில் விட வேண்டுமா என்று பலர் கவலைப்படுகிறார்கள். வேண்டியதில்லை என்பதே என் கருத்து. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில், மூன்று வயது வரையிலான குழந்தைகளைப் பற்றி ஜோடி மின்டெல் குழு செய்த ஆய்வு 2010-ல் வந்தது. நியூசிலாந்தில் குழந்தைகள் படுக்கும் சராசரி நேரம் மாலை 7.27. ஹாங்காங்கில் இரவு 10.17. பெற்றோரின் படுக்கையிலேயே தூங்கும் குழந்தைகள் நியூசிலாந்தில் 5.8 சதவீதம், வியட்நாமில் 83.2 சதவீதம். பாயில் பாட்டி பக்கத்தில் படுப்பது கோளாறு அல்ல.

நேரமும் வெளிச்சமும் சரியான பிறகும் சில பிள்ளைகள் எழுந்து வருவார்கள். அவர்களுக்காக பேட்ரிக் ஃப்ரைமன் என்ற அமெரிக்க உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1999-ல் எழுதிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. படுக்கும்போது பிள்ளையின் கையில் ஓர் அட்டையைக் கொடுக்கிறார்கள். அதைக் காட்டி ஒரே ஒரு முறை எழுந்து வரலாம். தண்ணீரோ, ஒரு கட்டிப்பிடிப்போ, எதுவானாலும் கேட்கலாம். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. முதலில் 3 வயதும் 10 வயதுமான இரு சகோதரர்களிடம் சோதித்தார்கள். 2007-ல் 3 முதல் 6 வயது வரையிலான 19 பிள்ளைகளிடம் முறையான ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. கூப்பிடுவதும் எழுந்து வருவதும் குறைந்தன. கதவைச் சாத்திவிட்டு அழவிடும் முறையில், அழுகை அடங்குவதற்கு முன் சில நாள் உக்கிரமாகும். இதில் அந்தத் துன்பம் இல்லை. அட்டை கையில் இருக்கும்வரை பிள்ளைக்கு ஒரு தைரியம். பல பிள்ளைகள் அதைச் செலவழிக்காமலே தூங்கிவிடுகிறார்கள்.

பூச்சாண்டி வருவான் என்று மட்டும் சொல்லாதீர்கள். பயந்த உடம்பு விழித்துக்கொள்கிறது. தூக்கத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. 2006 லெபனான் போரின்போது பயந்திருந்த இஸ்ரேலியச் சிறுவர்களிடம் அவி சாதே என்ற தூக்க ஆய்வாளர் ஒரு துணி நாய்க்குட்டியைக் கொடுத்தார். "இது வீட்டை விட்டுத் தூரமா வந்துடுச்சு, சோகமா இருக்கு, நீ பாத்துக்குறியா?" என்ற மாதிரி ஒரு கதையும் உடன் சொல்லப்பட்டது. நாய்க்குட்டியோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைந்தது. இருட்டுக்கு அஞ்சும் மழலைகளிடம் பின்னர் செய்த ஆய்விலும் இது பலன் தந்தது.

பிள்ளை பெரும்பாலான இரவுகளில் குறட்டை விட்டால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூச்சு நின்று நின்று வந்தால், மேலே சொன்ன எதுவும் போதாது. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவாலும் கால்கள் நிலைகொள்ளாமல் பிள்ளை புரளும். கடையில் கிடைக்கும் மெலடோனின் மிட்டாயை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.